டேங்கர் கவிழ்ந்தால் முதலில் காற்றைப் பாருங்கள்

தூத்துக்குடியிலிருந்து வல்லநாடு வழியாகப் பாளையங்கோட்டையைத் தொட்டு, நான்குவழிச் சாலையில் ஏறி, வடக்கே கயத்தாறு பக்கமோ தெற்கே நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி பக்கமோ டேங்கர் லாரிகள் ஓடாத நாள் இல்லை. இவற்றுள் ஒன்று கவிழ்ந்தால், தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரையிலான நேரம் பக்கத்து ஊர்க்காரர்களின் கையில்தான் இருக்கிறது. விபத்து என்றால் ஓடிப்போய்க் கைகொடுப்பது நம் பகுதியின் நல்ல குணம்; பஸ் கவிழ்ந்தால் அதுவே உயிரைக் காக்கும், டேங்கர் கவிழ்ந்தால் அதுவே ஓடி வந்தவரையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

அபாயச் சரக்கு ஏற்றும் வாகனத்தின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அதிலுள்ள நான்கு இலக்க எண்தான் தீயணைப்பு வீரர்களான எங்களுக்கு முதலில் வேண்டியது. 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம். அந்த எண்ணோடு, எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்லும் ஒரு குறியீடும் இருக்கும். அதன் முதல் இலக்கம் 2 என்றால் பனிபோல் தெளிக்கும் நீர், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே ஆகாது, உலர்பொடிதான். "லாரி கவிழ்ந்துவிட்டது" என்று மட்டும் கேட்டுப் புறப்படும் குழு தண்ணீரோடு வரும். "1203" என்று கேட்ட குழு நுரைக் கரைசலைச் சரிபார்த்துக்கொண்டு வரும். பலகையைப் படிக்க அருகே போக வேண்டியதில்லை. தொலைவில் நின்று செல்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும், பலகை சேறு படியாமல் இருந்தால். (பல லாரிகளில் அது மங்கித்தான் கிடக்கிறது என்பது வேறு வருத்தம்.) பிறகு 101 அல்லது 112க்கு அழைத்து, எண்ணையும் கிலோமீட்டர் கல்லையும் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் காற்று. பணகுடி, ராதாபுரம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கென்று தனிக்கருவி தேவையில்லை. சுழலும் காற்றாலையின் இறக்கைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றனவோ, அந்தத் திசையிலிருந்துதான் காற்று வருகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது சாலையில் கசியும் வாயு கிழக்கேயுள்ள ஊர்களை நோக்கியே போகும். ஆகவே லாரிக்கு மேற்கே நிற்பவர் அப்படியே மேற்கே விலகலாம், கிழக்கே மாட்டிக்கொண்டவர் வாயுவைக் கிழித்துக்கொண்டு மேற்கே ஓட முயலாமல், வடக்கிலோ தெற்கிலோ குறுக்காக விலக வேண்டும். தூத்துக்குடிச் சாலையில் பிற்பகலில் கடற்காற்று திசையை மாற்றிவிடும் என்பதால், காலையில் பார்த்த திசையை மாலை வரை நம்பக் கூடாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஓடையிலும், நான்குவழிச் சாலைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையிலும் இறங்கித் தேங்கும். கண்ணுக்குத் தெரியும் வெண்புகை, குளிர்ந்து உறைந்த நீராவிதான். எரியக்கூடிய வாயு அந்தப் புகையின் விளிம்பைத் தாண்டியும் பரவியிருக்கலாம் என்பதைப் பலர் அறியார். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் கவிழ்ந்து தீப்பற்றியபோது சாலையோர வீடுகளில் இருந்தவர்களும் மாண்டார்கள். வாயு வந்துவிட்ட இடத்தில் சுவிட்சைத் தொடாதீர்கள், பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள், நடந்தே விலகுங்கள். டேங்கைத் தீ சுட்டுக்கொண்டிருந்தால், எல்லாத் திசையிலும் 1600 மீட்டர் விலகுவதே கணக்கு. பாதுகாப்பு வால்வின் சீறல் உரத்துக்கொண்டே போனால் தீயணைப்பு வீரர்களான நாங்களும் பின்வாங்குவோம்.

அம்மோனியாவிலும் குளோரினிலும் கேட்கப்படும் கேள்வி, உள்ளே சிக்கிய ஓட்டுநரை விட்டுவிடுவதா என்பது. மூச்சுக்கருவி இல்லாமல் அங்கே போகிறவர் இரண்டாவது உடலாகிறார் என்பதே கசப்பான பதில். ஈரத்துண்டு தப்பி ஓட ஓரளவு உதவும். உள்ளே போக உதவாது.

பெட்ரோல் சிந்தினால் கேனோடு வருபவர்களை விரட்டுவதே முதல் வேலை. 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஹவல்பூர் அருகே அப்படிக் கூடியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலி டேங்கரும் இதில் விலக்கல்ல. அடியில் நிற்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிட எளிதில் வெடிக்கும்.

ஆசிட் லாரியில் சிக்கல் வேறு வகை. மேலே பட்டவரின் துணியை அகற்றி, குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். ஆனால் சாலையில் தேங்கிய அமிலத்தின் மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கழுவிவிடச் சொல்லி ஊரார் அவசரப்படுத்துவார்கள். கழுவிய நீர் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போய், ஆற்றோரத்தில் தாமிரபரணி வரை சென்று சேரும். காற்று வரும் பக்கத்தில் நின்றபடி, அமிலம் இன்னும் எட்டாத மடையை மண்மூட்டையால் அடைப்பது ஊராரால் முடிந்த வேலை. கீழ்ப்பக்கம் குடிநீர் உறைகிணறு இருந்தால், ஊராட்சியின் தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டரை அழைத்து உடனே மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகு மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.