சார்ஜ் என்றால் என்ன?

போனில் சார்ஜ் இல்லை. சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு? இந்தப் பிரிவுக்கு யார் இன்சார்ஜ்? சார்ஜ் ஷீட் போட்டாச்சா? கூட்டத்தில் லத்தி சார்ஜாம். ஐந்து இடத்திலும் சொல் ஒன்றுதான், பொருளோ ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. அதனால் சார்ஜுக்குத் தமிழில் என்ன என்று யாராவது கேட்டால், எந்த சார்ஜ் என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் இந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் கர்ருஸ் என்றால் வண்டி, அதிலிருந்து வந்த கர்ரிகாரே என்றால் வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்து சார்ஜ் ஆனது. நாம் ஓட்டும் காரும் கப்பலில் போகும் கார்கோவும் இதே குடும்பம். கேரிகேச்சர் என்கிற கேலிச்சித்திரமும்கூட இத்தாலிய வழியில் வந்த பங்காளிதான், மூக்கிலும் காதிலும் கொஞ்சம் கூடுதல் பாரம் ஏற்றி வரைந்த படம்.

ஆக சார்ஜ் என்றால் சுமை. போன சுமை, வந்த சுமை, யார் தலையில் யார் வைத்த சுமை என்று பார்த்துக்கொண்டே போனால் எல்லாப் பொருளும் வரிசையாக வந்து நின்றுவிடும்.

முதலில் மின்சாரம். துப்பாக்கியிலும் பீரங்கியிலும் ஒரு முறை சுடுவதற்குத் திணிக்கிற வெடிமருந்துக்கும் சார்ஜ் என்றே பெயர். 1740களில் மின்சாரத்தை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், லெய்டன் சாடி என்ற, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தை நிரப்புவதற்கும் இந்தச் சொல்லையே எழுதினார். சாடிகளை வரிசையாக இணைத்து வைத்ததற்கு அவர் சொன்ன பேட்டரி என்ற பெயரும் பீரங்கி வரிசையைக் குறிக்கும் சொல்தான். தமிழில் இங்கே இரண்டு தனிச் சொற்கள் வேண்டும். எலக்ட்ரானுக்கு இயல்பாகவே இருக்கிற பண்பு மின்னூட்டம், அதை அளக்கும் அலகு கூலும். போனில் நாம் செய்வது மின்னேற்றம், செய்கிற கருவி மின்னேற்றி. இலங்கைப் பாடநூல்களில் பண்புக்கே மின்னேற்றம் என்றுதான் எழுதுகிறார்கள், அதுவும் தவறில்லை. வேடிக்கை என்னவென்றால், எந்தக் கலைச்சொல்லும் படிக்காத ஆள்கூட "சார்ஜ் ஏறுது", "சார்ஜ் இறங்கிடுச்சு" என்றுதான் சொல்கிறார். லத்தீன்காரர் வண்டிக்குச் சொன்ன அதே வினை. ஆங்கிலச் சொல்லை வாங்கினோம், வினையை நம் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டோம்.

பணம் என்று வந்தால் கட்டணம் போதும், சர்சார்ஜ் கூடுதல் கட்டணம். பொருளுக்குக் கொடுப்பது விலை, உழைப்புக்குக் கொடுப்பது கூலி, இவற்றைக் கட்டணத்தோடு குழப்பாமல் இருந்தால் சரி. என் கணக்கில் சார்ஜ் பண்ணுங்கள் என்பதற்கு மட்டும் கட்டணம் பொருந்தாது, அங்கே கணக்கில் ஏற்றுங்கள் என்பதுதான் தமிழ். பாருங்கள், மறுபடியும் ஏற்றம்.

அப்புறம் பொறுப்பு. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். இன்சார்ஜ் என்பதற்குப் பொறுப்பாளர் என்று எழுதுகிறோமே, அந்தப் பொறுப்பு பொறு என்ற வேரிலிருந்து வந்தது. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். பொறை என்றால் பாரம், அதுவே பொறுமையும்கூட. குறளில் ஓர் அதிகாரத்துக்கே பொறையுடைமை என்று பெயர். பொறையுயிர்த்தல் என்றால் பிள்ளை பெறுதல், அதாவது சுமையை இறக்கி வைத்தல். ஒருவருக்கொருவர் பார்த்து எழுதாமலே இரண்டு மொழியும் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. டிஸ்சார்ஜும் சுமை இறக்குவதுதான், மின்சாரமானால் மின்னிறக்கம். ஆனால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜுக்கு இறக்கம் என்று எழுதிவிடாதீர்கள், சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார் என்றால் போதும்.

குற்றத்திலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஒருவர் மீது சார்ஜ் வைப்பார்கள், தமிழில் குற்றம் சுமத்துவோம், பழி சுமத்துவோம். பெயர்ச்சொல்லாக வரும்போது குற்றச்சாட்டு. சார்ஜ் ஷீட் என்பது போலீஸ் விசாரணை முடிந்து கோர்ட்டில் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை. கோர்ட் அதைப் பார்த்துவிட்டு முறைப்படி சார்ஜ் எழுதும் கட்டத்துக்குக் குற்றச்சாட்டு வனைதல் என்று சட்டத் தமிழில் ஒரு வழக்கு உண்டு. குயவர் பானை வனைகிற அதே வனைதல். இவ்வளவு அழகான வினை இவ்வளவு கடுமையான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாக லத்தி சார்ஜ். இங்கே சார்ஜ் என்றால் எதிரி மீது பாய்தல். குதிரைப்படை சார்ஜ் என்றால் பாய்ச்சல், யானை சார்ஜ் பண்ணியது என்றால் யானை பாய்ந்து வந்தது. லத்தி சார்ஜுக்குத் தடியடி என்று கச்சிதமான சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. லத்தி வடக்கிலிருந்து வந்த சொல், தடிதான். தமிழில் யானை போடுவதற்கும் லத்தி என்றுதான் பெயர் என்பதால், தடியடி என்று எழுதிவிடுவது எல்லோருக்கும் நல்லது.