பேய்ப்படம் எடுக்கப் போகிறீர்களா? இரவை முதலில் குறையுங்கள்

செமஸ்டர் முடியும் காலம் வந்தால் மாணவர்கள் என்னிடம் லைட் கேட்டு வருவார்கள். திருகோணமலையில் வீடியோ தொழில் செய்பவன் நான், கலியாண வீடு, ஆவணப்படம், எடிட்டிங் எல்லாம் எடுத்துச் செய்கிறேன். "அண்ணா, குறும்படம் ஒன்று எடுக்கப் போறம், பேய்க்கதை" என்பார்கள். நான் கதையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு முடிப்பீர்கள்? "விடியும் வரைக்கும் எடுப்பம்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்தப் பதில்தான்.

பேய்ப்படம் என்றால் இரவு, இரவு என்றால் பாழடைந்த வீடு என்று நம் பிள்ளைகள் முடிவு பண்ணிவிடுகிறார்கள். படத்தில் இரவு இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. படப்பிடிப்பு இரவில் நடக்கத்தான் வேண்டுமா என்பதை ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலான ஷாட்டுகள் பகலுக்கு வந்துவிடும்.

இரவு இரண்டு மணிக்கு மேல் யாருக்கும் தலை வேலை செய்யாது. ஈர நிலத்தில் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துவிட்டு வெறுங்காலோடு நிற்பது அந்த நேரத்தில்தான். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட், அதற்கு ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் என்று தெரியாது. பழைய வளவுகளில் கட்டு இல்லாத கிணறு இருக்கும், பற்றைக்குள் புடையன் பாம்பு இருக்கும், அதுவும் இரவில்தான் வெளியே வரும். இதெல்லாம் தப்பினாலும் வீட்டுக்குத் திரும்பும்போது நிலாவெளி ரோட்டில் நடுவழியில் படுத்துக்கிடக்கிற மாடுகள் மீது, நித்திரை தூங்கி விழுகிற பிள்ளை மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் விடும்.

சரி, அந்தப் பாழடைந்த வீட்டைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். வேறு ஊர்களில் ஆளில்லாத வீடு வெறும் செட்டாக இருக்கலாம். இங்கே கூரையில்லாத ஒரு வீடு என்றால் அது இடம்பெயர்ந்து போன ஒரு குடும்பத்தின் வீடாக இருக்கும், அல்லது 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போன வீடாக இருக்கும். அடுத்த வளவில் இருக்கிற அம்மாவுக்கு அந்தச் சுவரில் யாருடைய படம் தொங்கியது என்று கூடத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு அங்கே ஒரு பிள்ளை தலையை விரித்துப் போட்டுக் கத்தினால் அந்த அம்மாவுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். காணாமல் போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிற ஊர் இது. ஆகவே உரிமையாளரிடம் கேளுங்கள், உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் உறவினரிடம் கேளுங்கள், அயலவர்களுக்குக் கதையின் சுருக்கத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் துறைத் தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே தெரிவியுங்கள். "வேண்டாம் தம்பி" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பிரட்றிக் கோட்டைக்குள் ஆமி முகாம் இருக்கிறது, சீனன்குடாவில் விமானப்படைத் தளம், நகரத்தோடு ஒட்டி நேவியின் தளம். இந்தப் பக்கங்களில் அனுமதி இல்லாமல் ட்ரைபொட்டை விரிப்பதும் ட்ரோனை ஏற்றுவதும் விளையாட்டுக் காரியங்கள் இல்லை. தொல்லியல் திணைக்களத்தின் இடங்களுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். வேண்டவே வேண்டாம், உங்கள் கதைக்கு ஒரு சாதாரண வீடு போதும். அம்மம்மா வீடு இருந்தால் இன்னும் நல்லது.

அந்த வீட்டில் பகல் பத்து மணிக்கு இரவை எப்படிக் கொண்டுவருவது? நாற்று மேடைக்கு விரிக்கிற கறுப்புப் பொலித்தீனை ஹார்ட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வாங்கி ஜன்னல்களுக்கு வெளிப்பக்கமாக அடியுங்கள். கதவின் கீழ் இடுக்கில் சாரம் ஒன்றைச் சுருட்டி வையுங்கள், அந்த இடுக்கில் வருகிற ஒரு கோட்டு வெளிச்சமே முழு அறையையும் காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் ஒரே ஒரு லைட், அதுவும் ஆளுக்கு முன்னால் வேண்டாம். பக்கத்து அறையில் வைத்து, பாதி திறந்த கதவு வழியாக உள்ளே விடுங்கள். முகத்தில் பாதி தெரியும், பின்சுவர் இருட்டாகவே இருக்கும். போனில் எடுக்கிறீர்கள் என்றால் எக்ஸ்போஷரையும் (உள்ளே எடுக்கிற வெளிச்சத்தின் அளவு) ஃபோக்கஸையும் லொக் பண்ணுங்கள், இல்லாவிட்டால் போன் தானாகவே இருட்டை வெளிச்சமாக்கிப் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல்பு மினுக்குவது பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெளி ஷாட்டுகளுக்கு மாலைக் கருக்கல். நாங்கள் கிழக்குக் கரையில் இருக்கிறோம், சூரியன் முதுகுப் பக்கம் தரையில் மறையும். அதனால் உப்புவெளிக் கடற்கரையில் கடலைப் பார்த்துக் கமராவை வைத்தால் ஒரு நீல வெளிச்சம் சீராகக் கிடைக்கும், படத்தில் அது இரவாகவே தெரியும். மாதத்தைப் பொறுத்து 5.40க்கும் 6.30க்கும் இடையில் சூரியன் விழும், அதற்குப் பிறகு இருபது நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். ஆகவே பின்னேரம் நான்கு மணிக்கே போய் ஒத்திகை பார்த்துவிட்டுக் காத்திருங்கள். நடிக்கிறவர் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம், மாரிக்கடல் என்றால் கரைக்குக் கிட்டவும் வேண்டாம்.

பயத்தைக் கொண்டுவருவது சத்தம். இதை எத்தனை தரம் சொன்னாலும் கடைசி நாளில் யூடியூபில் இறக்கிய ஓர் அலறலோடுதான் வருகிறார்கள். உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று காது கொடுங்கள். காய்ந்த காவோலை ஒன்றைச் சீமெந்துத் தரையில் மெதுவாக இழுத்து, ஒரு சாண் தூரத்தில் போனை வைத்துப் பதிவு செய்து பாருங்கள். முதலில் வெறும் சரசரப்பு, இடையில் மட்டை தட்டுப்படும்போது ஒரு சின்னத் தட்டல், அப்புறம் திரும்பவும் சரசரப்பு. ஹெட்போனில் கேட்டால் யாரோ காலை இழுத்துக்கொண்டு நடந்து வருவது போலவே இருக்கும். பழைய கதவின் கொண்டி, வெயில் இறங்கும்போது தகரக் கூரை போடுகிற சடசடப்பு, இவற்றைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வோர் அறையிலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்தால் எடிட்டிங்கில் உயிர் தப்பலாம். ஃபேன், பிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியில் பேசுகிற வசனம் எதுவும் தேறாது, அந்த வசனங்களை உள்ளே எடுக்கிற மாதிரி கதையை மாற்றி எழுதுங்கள்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று, தூக்கு. மாணவர்களின் பேய்க்கதைகளில் பாதிக்கு மேல் ஒரு பெண் தூக்கில் தொங்கித்தான் பேயாகிறாள். அந்தக் காட்சிக்காக நடிக்கிற பிள்ளையின் கழுத்தில் கயிற்றைப் போடாதீர்கள். தளர்வாகப் போட்டாலும் வேண்டாம், நான்கு பேர் பிடித்துக்கொண்டு நின்றாலும் வேண்டாம். கதிரை ஒன்று வழுக்கினால் சில விநாடிகளில் நினைவு போய்விடும், பிடித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு அவர் நடிக்கிறாரா மூச்சு முட்டுகிறாரா என்று வித்தியாசமே தெரியாது. படத்தைப் பார்க்கப் போகிறவர்களையும் யோசிக்க வேண்டும். வகுப்பில் உங்களோடு இருந்து பார்க்கிற ஒரு பிள்ளையின் வீட்டிலேயே அப்படி ஒரு சாவு நடந்திருக்கலாம், அல்லது அந்தப் பிள்ளையே அந்த எண்ணத்தோடு போராடிக்கொண்டிருக்கலாம். நான் லைட் கொடுக்கிற படங்களில் இந்தக் காட்சியை எடுக்க விடுவதே இல்லை. அவள் எப்படிச் செத்தாள் என்று காட்டாமலே கதை நடக்கும். அவளுடைய செருப்பு ஒவ்வொரு நாளும் வேறு வேறு வாசலில் கிடக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

பேய் வேடத்துக்குக் கண்ணுக்குள் போடுகிற லென்ஸ் ஒன்றை இரண்டு பேர் மாற்றிப் போடாதீர்கள், கிருமி தொற்றினால் போவது கண். மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதற்கு முன்னால் தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். லைட்டை வெட்டி வெட்டி மினுக்கிற காட்சி என்றால் வலிப்பு உள்ளவர்கள் யார் என்றும் கேளுங்கள்.

இவ்வளவும் ஒரு தாளில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடப் படம் என்றால் கதை ஐந்து பக்கத்துக்குள் நிற்கட்டும். ஷாட்டுகளைக் கதையின் வரிசையில் எழுதாமல் வெளிச்சத்தின் வரிசையில் எழுதுங்கள்: பகலில் மூடிய அறை, கருக்கலில் வெளி, மிச்சம் இரண்டு மூன்று ஷாட் மட்டும் இரவு, அதுவும் ஒன்பதரைக்குள். யார் யாரை எதில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது என்று பெயரோடு எழுதுங்கள், பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு அந்தத் தாளின் பிரதியைக் கொடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, இரண்டையும் மேலே பெரிதாக எழுதுங்கள். கமராவையோ லைட்டையோ தொடாமல் ஆட்களை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவரை வையுங்கள், அவர் நிறுத்து என்றால் இயக்குனரும் நிறுத்த வேண்டும். அன்றன்றைக்கு எடுத்ததை அன்று இரவே கொம்பியூட்டரில் போட்டுப் பாருங்கள், இருட்டில் பிழையாகிப்போன ஷாட் எது என்று தெரிந்தால் அடுத்த நாள் பின்னேரம் அதை மட்டும் திரும்ப எடுக்கலாம்.