டிம்பனம்: தமிழில் வளைமுகப்பு

ஐரோப்பாவின் பழைய தேவாலய வாசல்களில், நிலைக்கு மேல் கிடக்கும் உத்தரக்கல்லுக்கும் அதற்கு மேலே எழும் வளைவுக்கும் நடுவே ஒரு அரைவட்டக் கல்பரப்பு இருக்குமே, அதுதான் டிம்பனம். 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் வேதாகமக் காட்சிகளைப் பெரிதாகச் செதுக்க விரும்பிய இடம் அது, ஏனென்றால் உள்ளே போகிற எவரும் அதன் கீழேதான் போயாக வேண்டும்.

சொல்லின் வேர் கிரேக்கம். அங்கே 'டிம்பனோன்' என்றால் பறை. லத்தீனுக்குப் போய் டிம்பனம் ஆனது, கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கோயில் முகப்பின் முக்கோணப் பரப்பையே இந்தப் பெயரால் குறிக்கிறார். அரைவட்டத்துக்கு அது வந்து சேர்ந்தது பிறகுதான்.

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் ஓட்டன் நகரத்துப் புனித லாசர் பேராலயத்தைப் பாருங்கள். மேற்கு வாசலில், 1130-ஐ ஒட்டிச் செதுக்கிய இறுதித் தீர்ப்பு. நடுவில் கிறிஸ்து, ஒரு பக்கம் அதிதூதர் மிக்கேல் ஆன்மாக்களை நிறுக்க, பேய் தராசைத் தன் பக்கம் இழுக்கிறது. கீழே உத்தரத்தில் செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். அதில் இரண்டு யாத்திரிகர்கள், ஒருவர் பையில் சிலுவை, இன்னொருவர் பையில் சிப்பி. கொஞ்சம் தள்ளி, உடம்பே தெரியாமல் இரண்டு பெரிய கைகள் மட்டும் இறங்கி ஒருவன் தலையைக் கவ்விப் பிடிக்கின்றன. அந்தக் கைகளைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். கிறிஸ்துவின் காலடியில் 'கிஸ்லெபெர்ட்டுஸ் இதைச் செய்தார்' என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. 1766-இல் ஆலயத்துக் குருமார்களே இதையெல்லாம் சாந்து பூசி மூடிவிட்டார்கள். துருத்திக்கொண்டிருந்த கிறிஸ்துவின் தலையை உடைத்தும் எடுத்தார்கள். 1837-இல் சாந்தைப் பெயர்த்தார்கள், தலை திரும்பிப் பொருந்தியது 1948-இல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? காதுக்குள் இருக்கும் டிம்பனத்தைச் செவிப்பறை என்று அருமையாகத் தமிழாக்கிவிட்டோம், ஆனால் 'வாயிற்பறை' என்றால் யாரும் வாசலில் கொட்டும் மேளத்தைத்தான் நினைப்பார்கள். நம் கோயில் சுவர்களில் சிலை வைக்கும் மாடங்களான கோட்டங்களுக்கு மேலே இருக்கும் மகர தோரணம் தோற்றத்தில் நெருங்கி வருகிறது. ஆனாலும் தோரணம் என்பது வளைவு, டிம்பனம் அந்த வளைவுக்குள் அடைபட்ட பரப்பு. அதனால் 'வளைமுகப்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விட்ருவியஸ் சொல்வதுபோல் முக்கோணமாக இருந்தால் 'முக்கோண முகப்பு' என்று எழுதிவிடலாம்.