மூணாவது பாட்டு மோட்டார் சத்தத்துல ஆரம்பிக்குது

கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் எங்கிட்ட கவுன்சலிங் வர்ற தம்பி, வயசு 22. ஒருநாள் போனை நீட்டி "ஏழு பாட்டு முடிச்சிட்டேன் கா, என் கதைதான், கேக்குறீங்களா"ன்னான். (இத எழுதலாம்னு அவனே சொன்னான், அடையாளத்த மட்டும் மாத்தியிருக்கேன்.)

மூணாவது பாட்டு ஆரம்பத்துல இசையே கிடையாது. கீழ கப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்) வந்து நிக்குது, இன்ஜின் அணையுது, சிலிப்பர் சத்தம் படியேறி வருது, கடைசியா கிரில் பூட்டுல சாவி. அப்பா குடிச்சிட்டு வர்ற ராத்திரியெல்லாம் அந்த சாவி திரும்புறதுக்குள்ள டிவிய அணைச்சு, தங்கச்சிய இழுத்துப் போர்வைக்குள்ள படுக்க வச்சிடணும், இல்லன்னா ரோத்தான், பிரம்படிதான். ஃபிளாட்ல லிஃப்ட் கெட்டுப் போச்சுன்னா ஊரே திட்டும், இவன் மட்டும் சந்தோஷப்படுவானாம், அப்பா நாலு மாடி நடந்து ஏறணும், கூட ரெண்டு நிமிஷம் கிடைக்கும்.

சாவி சத்தம் வந்ததும் அவனே பாட்ட நிறுத்துற பட்டன அழுத்தினான், கை நடுங்குச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே திரும்ப ஓடவிட்டான். நான் இங்கதான் அதிகம் கவனிக்கிறேன், சின்ன வயசுல அந்த சத்தத்த நிறுத்த அவனால முடியல, இப்ப நிறுத்துறதும் ஓடவிடுறதும் அவன் கையில இருக்கு.

இத கேட்ட அவன் சித்தி "குடும்ப மானத்த கப்பலேத்துறான்"னு அழுதாங்களாம். எனக்கு இதுல கோவமே வருது, அடி வாங்குனப்ப போகாத மானம் பாட்டா பாடுனா மட்டும் போயிடுமா? "இப்ப நல்லாத்தானே இருக்க, பழசக் கிளறாத"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, பக்கத்துல உக்காந்து கடைசி வரைக்கும் கேளுங்க, அது போதும்.

பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்கு 17 வயசுல, 1958ல, அம்மா ரோட்டுல கார் மோதி செத்துட்டாங்க, அந்த வலிய அவர் நேரா பாடுன ஆல்பம் வந்தது 1970ல, அதுக்கு முன்னாடி அவர் தெரப்பிக்கு போயிருந்தாரு. அவர் போன மாதிரி கத்தித் தீர்க்கிற சிகிச்சைய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆனா 12 வருஷம் ஆச்சு பாருங்க, அத சொல்லுவேன். அவசரமே இல்ல. அமெரிக்காவுல உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல வெளியிட்ட ஆய்வுல ஸ்டூடண்ட்ஸ் நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனச ரொம்ப பாதிச்சத எழுதினாங்க, எழுதி முடிச்ச உடனே மனசு இன்னும் கனமாத்தான் ஆச்சு, ஆனா என்ன நடந்துச்சு எப்படி வலிச்சுச்சு ரெண்டையும் சேர்த்து எழுதுனவங்க அடுத்த சில மாசத்துல கிளினிக் போனது குறைஞ்சுது. அதுல யாரும் எதையும் ஊருக்குப் போட்டுக் காட்டல. அதனால தம்பிங்களா தங்கச்சிங்களா, பாட்டு எழுதுறது வேற, ரிலீஸ் பண்றது வேற, கமெண்ட்ல எவனாவது கண்டபடி திட்டினா அன்னிக்கு ராத்திரி உங்ககூட யார் இருப்பாங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் போடுங்க.

அன்னிக்கு நான் இசையப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி கேட்டது ஒண்ணுதான், "தங்கச்சி இப்ப எங்கப்பா இருக்கு?" அந்தப் பொண்ணுக்கு 16, இன்னும் அதே வீட்டுல. நான் சும்மா இருக்க முடியாதுன்னு அவன்கிட்ட நேரா சொல்லிட்டேன். மலேசியாவோட 2001 சிறார் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ எல்லாரும் சிறார்தான், பிள்ளை அடிபடுதுன்னு நம்ப காரணம் இருந்தா சமூக நல அதிகாரிகிட்ட உடனே சொல்ல வேண்டியது டாக்டர் மட்டும் இல்ல, குடும்பத்துல உள்ளவங்களும்தான். வீட்டு விஷயம்னு மூடி வைக்க முடியாது. அரசாங்க உதவி லைன் தாலியான் காசே 15999, எந்நேரமும் போன் அடிக்கலாம். அவனே அடிச்சான், என் ரூம்ல உக்காந்து, ஸ்பீக்கர்ல போட்டு.

தங்கச்சி இப்ப பந்திங்ல பாட்டி வீட்டுல. ஆல்பம் இன்னும் வெளிய வரல. போன வாரம் ஒரே இயர்ஃபோன்ல ஆளுக்கொரு காதுல வச்சு ரெண்டு பேரும் கேட்டாங்களாம், மூணாவது பாட்டு முடிஞ்சதும் அவ சொன்னாளாம், "டிவி அணைக்கிற சத்தத்த விட்டுட்டியேண்ணா, அது நான்தானே அணைப்பேன்."