'நிர்ணயி' என்பது கட்டளை

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போன மாதம் இலவச மருத்துவ முகாம் நடந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: 'சுகாதாரச் சமத்துவமின்மையும் சமூக நிர்ணயிகளும்'. பேசிய மருத்துவர் நல்ல விஷயத்தைத்தான் பேசினார். ரத்த அழுத்தம் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி, பேனரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, குப்பை அள்றவுகளைப் பத்தியா பேசுறாக?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. சுகம், ஆதாரம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது சுகாதாரம். அகராதியில் என்ன இருந்தாலும் தெருவில் அதற்குச் சாக்கடை, கொசு மருந்து, சுகாதார ஆய்வாளர் என்றுதான் பொருள். தபால் கார்டு காலத்தில் நாம் 'இங்கு நலம், அங்கு நலமறிய அவா' என்று எழுதினோம். உடம்பும் மனமும் செம்மையாக இருப்பதற்கு நலம் என்ற சொல் கையிலேயே இருக்கிறது. அரசுத் துறையே மக்கள் நல்வாழ்வுத் துறை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. அதன்கீழ் வரும் கட்டடத்தின் பலகை மட்டும் இன்னும் ஆரம்ப சுகாதார நிலையம்.

சுகாதாரத்தையாவது பழக்கம் என்று பொறுத்துக்கொள்ளலாம். அழைப்பிதழ், துண்டறிக்கை, பயிற்சிக் கையேடு என்று எங்கே பார்த்தாலும் எதிர்ப்படுகிற இந்த 'நிர்ணயிகளை' என்னால் பொறுக்க முடியவில்லை.

மூலத் தொடர் 'சோஷியல் டிட்டர்மினன்ட்ஸ் ஆஃப் ஹெல்த்'. டிட்டர்மினன்ட் லத்தீன் வழி வந்தது. உள்ளே இருக்கும் 'டெர்மினஸ்' என்பதற்கு எல்லை என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. 2008-இல் அறிக்கை வந்தது. மக்கள் பிறக்கிற, வளர்கிற, வாழ்கிற, வேலைபார்க்கிற, முதுமையடைகிற நிலைமைகளைத்தான் இந்தத் தொடரால் குறித்தார்கள். வேராய்வு இவ்வளவு போதும்.

இனி நிர்ணயிக்கு வருவோம். கடத்து, கடத்தி ஆகும். பெருக்கு, பெருக்கி ஆகும். வினையோடு இகரம் சேர்ந்து கருவியைக் குறிப்பது நம் மரபு. நிர்ணயி என்பதோ முழு வினையாகவே நிற்கிறது. 'நெல்லுக்குக் கட்டுபடியான விலையை நிர்ணயி!' என்று சுவரில் எழுதினால் எல்லாருக்கும் புரியும். அது ஏவல். ஏவலோடு 'கள்' சேர்ப்பது 'கொடுகள்', 'பேசுகள்' என்று எழுதுவதற்குச் சமம். 'தீர்மானிகள்' என்று எழுதுகிறவர்களும் அதே குழியில்தான் விழுகிறார்கள்.

இலக்கணத்தைவிடப் பொருள்தான் எனக்குப் பெரிய குறை. நிர்ணயம் என்றால் முடிந்துபோன காரியம். விலை நிர்ணயமான பிறகு பேரம் கிடையாது. 'உங்கள் நலத்தின் நிர்ணயிகள்' என்றால் கேட்கிறவர் காதில் தலையெழுத்து என்றுதான் விழும். அந்த ஆணையம் சொன்னதோ இதற்கு நேர்மாறு: இவை மனிதர்கள் உண்டாக்கியவை, மனிதர்களால் மாற்றக்கூடியவை.

தமிழாசிரியர் நண்பர் ஒருவர் 'நலமுதல்கள்' என்று சொல்லிப் பார்த்தார். 948-ஆம் குறளில் வரும் 'நோய்முதல்' அவருக்குத் துணை. அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் வட்டிக் கடை நடத்தி வளர்ந்த ஊர்ப்பக்கம் இது. முதல் என்றால் இங்கே போட்ட பணம். நலமுதல் என்றால் ஆஸ்பத்திரியில் பங்கு சேர்க்கிறார்கள் என்றே நினைப்பார்கள்.

'வறுமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் பொருந்தாது. 1967-இல் லண்டன் அரசு அலுவலர்களை வைத்துத் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் சோற்றுக்கில்லாதவர் யாருமில்லை. எல்லாருக்கும் நிலையான வேலை இருந்தது. இருந்தும் கடைநிலைப் பணியாளர்களின் இறப்பு வீதம் உச்சப் பதவியில் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இடையில் இருந்தவர்களுக்கும் படிப்படியாக வேறுபட்டது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நம் வீடுகள் பின்னே போவதுபோல ஒவ்வொரு கட்டிலும் ஆயுள் குறைந்துகொண்டே போகிறது. வறுமை என்ற சொல் கடைசிக் கட்டை மட்டும்தான் காட்டும்.

ஆகவே நான் எழுதுவது 'நலத்துக்கான வாழ்நிலைக் காரணங்கள்'. காரணம் வடசொல்தானே என்பார்கள். ஆம். வயலில் நிற்கிறவருக்கும் தெரிந்த வடசொல்லை விரட்டிவிட்டு யாருக்கும் தெரியாத தனித்தமிழை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எனக்குத் தெளிவு முந்தி, தூய்மை பிந்தி.

அடுத்தது சமத்துவமின்மை. ஆங்கிலத்தில் 'இன்ஈக்வாலிட்டி', 'இன்ஈக்விட்டி' என்று இரண்டு இருக்கின்றன. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டுக்கும் ஒரே முத்திரையைக் குத்துகிறார்கள். பேரனைவிடத் தாத்தாவுக்கு மூட்டுவலி அதிகம் என்பது வெறும் வேறுபாடு, இன்ஈக்வாலிட்டி. அதில் யார்மேலும் குற்றமில்லை. தவிர்க்கக்கூடியது, நியாயமற்றது என்று இரண்டும் சேர்ந்தால்தான் இன்ஈக்விட்டி என்று 1990-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் வரையறுத்தார். இதற்கு நம்மிடம் ஓரவஞ்சனை இருக்கிறது. பந்தியில் ஒருவர் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால் அது அவர் வயிறு. கடைசி இலைக்கு ரசம் மட்டும் வந்தால் அது ஓரவஞ்சனை. ஓரம் என்றாலே பட்சபாதம். ஆத்திசூடியின் கடைசி வரியே 'ஓரஞ் சொல்லேல்'. வீட்டுப் பேச்சுச் சொல், கருத்தரங்குக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார். வீட்டில் புரிவதுதான் அதன் பலம்.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஓரவஞ்சனை என்றால் 'யார் செய்தது?' என்ற கேள்வி உடனே வரும். 1930 டிசம்பரில், நம் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். செருப்புப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக் கூடாது என்பவை அவற்றில் சில. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்று ஆயின. பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கூடாது, மிராசுதார் மாடுகளை மேய்க்கத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் சேர்ந்தது. கொக்கிப்புழு பெரும்பாலும் வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் ஏறுகிறது. குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சிச் சோகையாக்குகிறது. செருப்பைத் தடுத்தவர்களுக்கும் அந்தச் சோகைக்கும் உள்ள உறவைச் 'சமூக நிர்ணயி' என்று எழுதினால் தடுத்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். அதைப் படிக்கப்போகிறவர் டோக்கனோடு காத்திருக்கிற ஆச்சி என்பதை நினைப்பதே இல்லை.

முகாம் முடிந்ததும் ஏற்பாட்டாளரிடம் நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'நலத்தில் ஓரவஞ்சனை: வாழ்நிலைக் காரணங்கள்'. மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பக்கத்தில் நின்ற ஆச்சி அதை வாங்கி வாசித்தார். "யாரு பண்ணுனாகளாம்?" என்று கேட்டார்.