ஜோங்காவுக்கு விண்டேஜ் நம்பர்: எந்த வண்டிக்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

பொள்ளாச்சியில் நண்பர் ஒருவர் ஜோங்கா என்ற பழைய ராணுவ ஜீப் வைத்திருக்கிறார். ராணுவ ஏலத்தில் வெளியே வந்து, மூன்று கை மாறி அவரிடம் சேர்ந்த வண்டி. "ஐம்பது வயது ஆகிவிட்டால் அரசாங்கமே விண்டேஜ் நம்பர் தருகிறதாமே, அப்புறம் எந்தத் தொல்லையும் இல்லையாமே?" என்று போன மாதம் கேட்டார். அவர் கேள்விப்பட்டது பாதி சரி. மீதிப் பாதியில்தான் அவருடைய வண்டி மாட்டிக்கொண்டது.

ஜோங்காவைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. நிஸான் பேட்ரோல் 60 வரிசை வண்டியை உரிமம் பெற்று, ஜபல்பூரில் இருக்கும் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1999 வரை செய்தார்கள். 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி' என்பதைச் சுருக்கினால் ஜோங்கா. பானெட்டைத் தூக்கினால் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 3,956 சிசி பெட்ரோல் எஞ்சின். 2019-ல் ராஞ்சித் தெருவில் தோனி ஒன்றை ஓட்டி வந்தபோது பலருக்கும் இப்படியொரு வண்டி இருப்பதே தெரியவந்தது.

இனி விதி. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ஐ 2021 ஜூலையில் திருத்தி, 81ஏ என்று தொடங்கும் சில விதிகளைச் சேர்த்தார்கள். சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனம், முதல் பதிவு நடந்த நாளிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் அது விண்டேஜ் வாகனம். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டிக்கும் இது பொருந்தும். ஆனால் வயது மட்டும் போதாது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ் என்ற அடிச்சட்டத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பெரும்பாலான ஜோங்காக்கள் விழுகின்றன. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் அது நல்ல ஜோங்கா. வாங்கியவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? ஆறு சிலிண்டரை இறக்கி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, கிடைத்த டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். நண்பரின் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. வெளித்தோற்றத்தில் 1973-ஆம் ஆண்டு வண்டி. உள்ளே நான்கு சிலிண்டர் டீசல். பெட்ரோல் செலவை மிச்சப்படுத்திய அந்த மாற்றமே இப்போது விண்டேஜ் நம்பருக்குத் தடை. பழைய எஞ்சின் கிடங்கின் மூலையில் இன்னும் கிடந்தால், அதை விற்றுவிடாதீர்கள் என்பதே என் முதல் யோசனை.

அடுத்த சிக்கல் தேதி. ராணுவத்தில் இருக்கும்வரை வண்டிக்கு ராணுவ எண்தான்: மேல்நோக்கிய அம்பு, அதையடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கம். ஏலத்தில் எடுத்தவர் படிவம் 21-ல் விற்பனைச் சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'முன்னாள் ராணுவ வாகனம்' என்று புதிதாகப் பதிவு செய்திருப்பார். அதனால் ஆர்.சி.யில் இரண்டு தேதிகள் இருக்கும். தயாரித்த ஆண்டு 1973, பதிவு செய்த நாள் 1988 என்பது போல. விதியில் இருக்கும் சொல்லோ 'முதல் பதிவு'. ராணுவம் கொடுத்த எண்ணும் சட்டப்படியான பதிவுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதைக் காட்டக் கையில் காகிதம் வேண்டும். பழைய விற்பனைச் சான்றிதழ், ஏல ஆவணம் எதையும் தூக்கிப் போடாமல் கோப்பில் வையுங்கள். விண்ணப்பிப்பதற்கு முன்பே எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இந்த இரண்டையும் தாண்டிவிட்ட வண்டிக்கு நடைமுறை எளிது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 20-ஐ நிரப்ப வேண்டும். அதனுடன் இன்சூரன்ஸ், கட்டணம், பழைய ஆர்.சி.; இறக்குமதி வண்டி என்றால் சுங்கத் துறையின் இறக்குமதிச் சீட்டு. எல்லாம் சரியாக இருந்தால் 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-வில் பதிவுச் சான்றிதழ் தர வேண்டும். புதிய எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். தமிழ்நாடு என்றால் டிஎன் விஏ, பிறகு இரண்டு எழுத்து வரிசை, நான்கு இலக்கம். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ அதுதான் அழகு.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சேசிஸ் எண்ணைக் கண்டுபிடித்துத் துடையுங்கள். நண்பரின் வண்டியில் நான்கு பூச்சுப் பெயின்டுக்கும் கிரீஸுக்கும் அடியில் அது ஒளிந்திருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அரை மணி நேரம் தேய்த்து, காகிதத்தை வைத்துப் பென்சிலை ஓட்டியபோதுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஆர்.சி.யில் இருப்பதற்கும் அதற்கும் ஒரு இலக்கம் வித்தியாசம். தட்டச்சுப் பிழைதான். ஆனால் ஆய்வு நாளில் தெரிந்திருந்தால் நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

கட்டணத்துக்கு வருவோம். விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய்; 10 ஆண்டுகள் செல்லும். பிறகு 5,000 ரூபாய் கட்டி ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். விண்டேஜ் வேண்டாம், சாதாரணப் பதிவையே நீட்டித்துக்கொள்கிறேன் என்றால், 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டைத் தாண்டிய இலகு ரக வாகனத்துக்கு 10,000 ரூபாய். அது ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆக முதல் பத்து ஆண்டுகளுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆண்டுக்கு 2,000. ஜோங்கா ஜபல்பூரில் பிறந்ததால் இந்தக் கணக்கு. அதே வயதில் இறக்குமதியான ஆறு சிலிண்டர் டொயோட்டா லேண்ட் குரூஸர் எஃப்ஜே40 வைத்திருப்பவருக்குக் கதை வேறு. இறக்குமதியான நான்கு சக்கர வாகனத்தைப் புதுப்பிக்க 80,000 ரூபாய். அவருக்கு விண்டேஜ் பதிவு உண்மையிலேயே லாபம்.

லாபத்துக்கு விலையும் உண்டு. விண்டேஜ் வண்டியைத் தினசரிப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்குப் போய்வரும் பயணம் ஆகியவைதான் அனுமதி. பெட்ரோல் போடுவதையும் சேர்த்தது ஜோங்காக்காரர்களுக்குச் சிறிய சலுகை அல்ல! ஆனால் தோப்புக்குத் தேங்காய் ஏற்றப் போவதும், ஞாயிற்றுக்கிழமை வால்பாறைக்கு ஏறுவதும் பட்டியலில் இல்லை.

இன்சூரன்ஸில் 'விண்டேஜ்' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம். வாகனக் காப்பீட்டு விதித் தொகுப்பான இந்திய மோட்டார் டாரிஃபில் 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்த கார்கள்தான் விண்டேஜ். உங்கள் விஏ எண்ணைக் காட்டி, அந்தக் கார்களுக்கான பிரீமியம் தள்ளுபடியை எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாம் நபர் காப்பீடு எப்படியும் கட்டாயம்.

சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பவர்கள் படிவம் 25-ஐக் காலாவதி நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம். தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடும். தமிழ்நாட்டில் பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது.

நண்பரின் ஆர்.சி.யில் முந்தைய உரிமையாளர் டீசல் என்று ஒழுங்காக ஏற்றியிருந்தார். சேசிஸ் எண் திருத்தத்துக்கு மனு கொடுத்துவிட்டு, 10,000 ரூபாய்க் கணக்கையே தேர்ந்தெடுத்தார். விண்டேஜ் நம்பர் கிடைக்காததில் வருத்தம்தான். இருந்தாலும் மறுநாள் காலையில் வண்டி தோப்பில்தான் நின்றது, பின்பக்கம் நிறையத் தேங்காயுடன்.