ஒரே ஆணி, இரண்டு தீர்ப்பு: பஞ்சரான டயரை ஒட்டலாமா, மாற்றணுமா?

பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆம்பூரிலிருந்து வேலூர் வரும்போது காரின் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. சின்ன ஓட்டைதான். ஒரு கடையில் ஒட்டித் தருகிறேன் என்றார்கள், இன்னொரு கடையில் டயரையே மாற்றணும் என்கிறார்கள். யார் சொல்வது சரி சார்?" கூடவே படமும் அனுப்பியிருந்தார். ஆணி டயரின் நடுவில் ஏறவில்லை. பட்டன், அதாவது தரையில் படும் பள்ளம் போட்ட பகுதி, முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் தோள் பகுதியில் ஏறியிருக்கிறது.

மாற்றச் சொன்னவர்தான் சரி. ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு முன்னால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காரணம், டயர் வண்டியைச் சுமக்கும் விதத்தில் இருக்கிறது. இதை விளக்க வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதே இல்லை.

காற்றுதான் சுமக்கிறது என்று எல்லோரும் சொல்வோம். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ உள்ள சின்னக் கார் என்றால் சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. ஆக, தரையில் படியும் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர் இருந்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று ரிம்மை எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் அழுத்துகிறது. கீழிருந்து மேலே எவ்வளவோ, மேலிருந்து கீழேயும் அவ்வளவே. அப்படியானால் ரிம்மைத் தூக்கிப் பிடிப்பது எது?

பக்கச்சுவருக்குள் ஓடும் நூல்கள்! ரேடியல் டயருக்கு மிச்செலின் 1946இல் காப்புரிமை பெற்றது. இன்றைய கார் டயர்கள் அந்த வகைதான். அதில் பாலியஸ்டர் நூல்கள் ஒரு பக்க விளிம்பில் தொடங்கி, டயரின் மேலே ஏறி, மறுபக்க விளிம்பில் இறங்கும். காற்றடித்ததும் அத்தனை நூலும் விறைத்து ரிம்மைச் சுற்றிலும் வெளிப்பக்கமாக இழுக்கும். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்வரை இந்த இழுப்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பாரம் இறங்கியதும் தரை தொடும் இடத்தில் பக்கச்சுவர் பிதுங்குகிறது. அங்கே மட்டும் நூல்கள் ரிம்மைக் கீழ்நோக்கி இழுப்பது குறைகிறது. மேல்பக்க நூல்களோ பிடியை விடுவதில்லை. மிச்சமாகும் இழுப்பு மேல்நோக்கியது. கயிற்றுக் கட்டிலில் படுத்தவரைக் கயிற்றின் விறைப்பு தாங்குகிறதல்லவா, அதே மாதிரி கார் இந்த நூல்களில் தொங்கிக்கொண்டு போகிறது.

இதில் ஒவ்வொரு நூலும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை விறைப்பு மாறி வளைந்து நிமிர்கிறது. சின்னக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுற்றும். வேலூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 140 கிலோமீட்டர், அதாவது 70,000 சுற்றுக்கும் மேல். பக்கச்சுவரில் ஆணியோ கல்லோ நூலை அறுத்துவிட்டால், ரப்பர் ஒட்டு காற்றை நிறுத்தும், அறுந்த நூலை இணைக்காது. பாரம் பக்கத்து நூல்களுக்குப் போகும், அந்த இடம் புடைக்கும், ஒருநாள் வேகத்தில் போகும்போது வெடிக்கும்.

பட்டன் பகுதியின் கதை வேறு. அதற்கு அடியில் எஃகுக் கம்பி அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் படிந்திருக்கின்றன. அங்கே வளைவு குறைவு. 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டையைத் தைரியமாக ஒட்டலாம். தோள் பகுதியில் அந்தக் கம்பி அடுக்குகளின் ஓரங்கள் முடிகின்றன. உரசலும் சூடும் மிக அதிகமாகச் சேரும் இடம் அது. வாசகரின் ஆணி ஏறியது அங்கேதான்.

நடுவில் ஏறிய ஆணி என்றாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: காற்று இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? காற்றில்லாத பக்கச்சுவர் மடிந்து மடிந்து நசுங்கும். 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றினால் உள்ளே கறுப்பாக ரப்பர் தூள் கொட்டும். அந்த டயரை ஒட்டவே கூடாது.

அதனால்தான் டயரைக் கழற்றி உள்ளே பார்த்து ஒட்டும் கடையைத் தேடச் சொல்கிறேன். வெளியிலிருந்தே பசை தோய்ந்த கயிற்றைக் குத்தி அடைப்பது ஊர் போய்ச் சேர உதவும். நிரந்தரத்துக்கு மஷ்ரூம் பேட்ச் வேண்டும். அதன் காம்பு ஓட்டையை நிரப்பும், குடை உட்புறத்தை மூடும். ஓட்டையை நிரப்புவது ஏன் முக்கியம்? பட்டனுக்கு அடியிலுள்ள எஃகுக் கம்பிகளுக்கு மெல்லிய பித்தளைப் பூச்சு உண்டு. ஆலையில் டயரைச் சூட்டில் வேகவைக்கும்போது அந்தப் பித்தளையின் செம்பும் ரப்பரின் கந்தகமும் சேர்ந்துதான் கம்பியை ரப்பரோடு பிணைக்கின்றன. ஓட்டை வழியே மழைநீர் இறங்கினால் துருப்பிடித்து அந்தப் பிணைப்பே விட்டுப்போகும்.

பழைய வட ஆற்காட்டின் அரக்கோணம் பக்கம் பெரிய டயர் ஆலையே இருக்கிறது. நம் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஒவ்வொன்றிலும் குறுக்கே வெட்டிய டயர் ஒன்றை வைத்துப் பாடம் நடத்தலாம். பஞ்சர் கடைக்காரர்களுக்கு அரசு செலவில் பயிற்சி தரலாம். நெடுஞ்சாலையில் நம் உயிர் அவர்கள் கையில் இருக்கிறது, அந்தத் திறமைக்குச் செலவிடும் பணம் வீணாகாது. நைட்ரஜன் அடித்தால் பஞ்சரே ஆகாது என்று விற்பவர்களையும் கேட்கிறேன்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே, ஆணிக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

சரி, மாற்றுவது என்று முடிவானால் அதே அச்சிலுள்ள இன்னொரு டயரையும் பாருங்கள். அது பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பட்டன் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டயருக்கு ஒட்டுப் போடுவதே வீண் செலவு. புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 3224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. அப்படியே டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியின் எண்ணையும் படித்து, காற்றையும் பார்த்துவிடுங்கள்.